முதுகு வலிக்குப் புதிய சிகிச்சைகள்: எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

 

சென்ற மாதம் மயிலாப்பூரிலிருந்து ஒரு சகோதரியின் கடிதம் வந்தது. அதன் சுருக்கம் இதுதான்: "என் கணவர் தியாகராய நகர்த் துணிக்கடை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக விற்பனையாளராக இருக்கிறார். காலை பத்து மணி முதல் இரவு ஒன்பது மணி வரை நின்றபடியே வேலை. நான்கு மாதங்களாக இடுப்பு வலி. மருத்துவர் பரிசோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று கூறிப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே ஐந்து பயிற்சிகள் கற்றுத் தந்தார்கள். மூன்று வாரம் செய்தார்; வலி பாதியாகக் குறைந்தது. அதற்குள் உறவினர் ஒருவர் அடையாறில் ஒரு நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். லேசர், டேப், முதுகெலும்பை இழுத்துவிடும் எந்திரம் என்று பன்னிரண்டு முறை வரவேண்டுமாம். இருபத்து நான்காயிரம் ரூபாயாம். வெறும் பயிற்சியால் டிஸ்க் உள்ளே போகாது என்று சொன்னார்களாம். அன்றிலிருந்து பயிற்சியையும் நிறுத்திவிட்டார். மூன்று மாதமாக நாற்காலியில் அமர்ந்தே தொழுகிறார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று வைத்திருக்கும் பணத்தை இதற்கு எடுக்கலாமா?"

இந்தக் கேள்வி அந்த ஒரு சகோதரியுடையது மட்டுமன்று. நம்மில் பல குடும்பங்களில் இன்று இதே கேள்வி எழுகிறது. ஆகவே இம்மாதம் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

வலி எங்கிருந்து வருகிறது?

2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் பேர் கீழ்முதுகு வலியால் துன்புற்றதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு, இந்த எலும்பு, இந்த நரம்பு என்று ஒரே காரணத்தைச் சுட்டிக்காட்ட இயலாது. தசை, மூட்டு, தசைநார், நின்றும் அமர்ந்தும் செய்கிற வேலை, உறக்கக் குறைவு, மனக்கவலை ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

"ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறதே!" என்று சிலர் கேட்கலாம். 1994-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லா டிஸ்க்குகளும் சீராக இருந்தவர்கள் 36 விழுக்காட்டினரே. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஓரிடத்திலேனும் டிஸ்க் புடைத்திருந்தது. ஆனால் அவர்களுக்கு வலி இல்லை! தலை நரைப்பது போல டிஸ்க்கும் வயதோடு மாறுகிறது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமாகிவிடாது. ஆகவே, "டிஸ்க்கை உள்ளே தள்ளுகிறோம்" என்று எவரேனும் கூறினால் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

படுக்கையிலிருந்து அசைவுக்கு

நம் பெரியவர்கள் காலத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டால் இரண்டு வாரம் பலகையில் படுக்க வேண்டும் என்பார்கள். மருத்துவர்களும் அதையே கூறினர். 1986-இல் அமெரிக்காவில் 203 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை 2 நாள் படுக்கச் சொன்னார்கள். மற்றவர்களை 7 நாள் படுக்கச் சொன்னார்கள். நீண்ட நாள் படுத்ததால் கூடுதல் நன்மை எதுவும் இல்லை. 2 நாள் ஓய்வு கூறப்பட்டவர்கள் வேலைக்குப் போகாத நாட்கள் 45 விழுக்காடு குறைவு. 1995-இல் பின்லாந்து நாட்டு ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. திடீர் இடுப்பு வலி கண்டவர்களுள், முடிந்த அளவு அன்றாட வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர்களே படுத்தவர்களைக் காட்டிலும் விரைவில் தேறினார்கள்.

இவ்வாறு முதுகு வலிச் சிகிச்சையின் அடித்தளம் படுக்கையிலிருந்து அசைவுக்கு மாறியது. கால்களை மடித்து மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல், குப்புறப் படுத்து முழங்கையூன்றி நெஞ்சை உயர்த்துதல், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி முதுகை மேலும் கீழும் வளைத்தல் போன்றவற்றில் யாருக்கு எது பொருந்தும் என்பதை இயன்முறை மருத்துவர் பார்த்துத் தேர்ந்து தருகிறார். எந்தப் பயிற்சி உயர்ந்தது என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். விடாமல் செய்யும் பயிற்சியே பலன் தரும் பயிற்சி.

சேர்ப்பதால் என்ன கூடுகிறது?

இனி நம் கேள்விக்கு வருவோம். ஒரு புதிய சிகிச்சையைப் பற்றி, "அதைச் செய்துகொண்டேன், குணமாயிற்று" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இடுப்பு வலி தானாகவும் குறையக்கூடியது. அதோடு பயிற்சியும் நடந்திருக்கும். குணமாக்கியது எது? இதை அறிய ஒரே வழிதான் உண்டு. இரு பிரிவினருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் புதியதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிச் செய்த ஆய்வுகள் சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, தோலில் ஒட்டும் வண்ண டேப். ஜப்பானியரான கென்ஸோ கஸே என்பவர் 1970-களில் உருவாக்கியது. ஒலிம்பிக் வீரர்களின் தோள்களிலும் முழங்கால்களிலும் பார்த்துப் பலரும் அறிந்துகொண்டார்கள். பிரேசில் நாட்டில் நாள்பட்ட முதுகு வலியுள்ள 148 பேருக்குப் பயிற்சியும் கைச்சிகிச்சையும் அளித்து, பாதிப் பேருக்கு மட்டும் டேப்பும் ஒட்டினார்கள். 2016-இல் முடிவு வெளியாயிற்று. டேப் ஒட்டியவர்களுக்குக் கூடுதல் நன்மை இல்லை.

இரண்டாவது, ஐ.எஃப்.டி. எனப்படும் மின்னோட்டச் சிகிச்சை. நம் ஊர் நிலையங்களில் முதலில் வைப்பதே இதைத்தான். இதையும் பிரேசிலில் பயிற்சிக்கு முன் கொடுத்துப் பார்த்தார்கள். மின்சாரமே பாயாத போலி எந்திரத்தை வைத்தவர்களும் அதே அளவுக்குத் தேறினார்கள்.

மூன்றாவது, இழுவை. பழைய காலத்தில் கட்டிலில் எடை தொங்கவிட்டு இழுத்ததையே இன்று கணிப்பொறி இணைத்த மேசையில், புதிய பெயரில் செய்கிறார்கள். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில் இழுவை, அல்ட்ராசவுண்ட், டென்ஸ் என்னும் மின்தூண்டல், இடுப்புப் பட்டை ஆகிய நான்கையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று கூறிவிட்டது. பிரிட்டனின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இவற்றை வேண்டாமென்றே கூறியது. கையால் நீவுதல், மூட்டுகளை அசைத்துவிடுதல் ஆகியவற்றை அது முற்றாக விலக்கவில்லை. ஆனால் பயிற்சியோடு சேர்ந்த ஒரு பகுதியாக மட்டுமே அனுமதித்தது. தனியே அன்று.

சோறும் ஊறுகாயும் நாம் அறிந்தவை. ஊறுகாய் இருந்தால் சோறு இறங்கும். ஆனால் ஊறுகாய் பசியாற்றாது. வெந்நீர் ஒத்தடமோ, நீவுதலோ வலியைச் சற்றுத் தணித்து, அந்த நேரத்தில் பயிற்சி செய்ய உதவுமாயின் அதன் வேலை முடிந்தது. சோற்றைத் தள்ளிவிட்டு ஊறுகாயை விலை கொடுத்து வாங்குவதுதான் தவறு. மயிலாப்பூர்ச் சகோதரியின் கணவர் இழந்தது பணத்தை அன்று. அதை இன்னும் கொடுக்கவில்லை. பாதி வலியைக் குறைத்த பயிற்சியை விட்டாரே, அதுதான் இழப்பு.

ஊசியும் ஹிஜாமாவும்

ஊசி குத்தும் சிகிச்சையில் கருத்து வேறுபாடு உண்டு. பிரிட்டன் வழிகாட்டுதல் வேண்டாம் என்கிறது; உலக சுகாதார நிறுவனம் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறது. இந்த வேறுபாட்டின் காரணத்தை ஜெர்மனியில் 2007-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று விளக்கும். 1,162 நோயாளிகள். சீன முறைப்படி உரிய இடத்தில் ஊசி பெற்றவர்களுள் ஏறத்தாழ 48 விழுக்காட்டினர் தேறினார்கள். வேண்டுமென்றே தவறான இடத்தில், மேலோட்டமாக ஊசி பெற்றவர்களுள் 44 விழுக்காட்டினர் தேறினார்கள். மருந்து, பயிற்சி முதலிய வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுள் தேறியவர்கள் 27 விழுக்காட்டினர். ஊசிக்குப் பலன் இருந்தது. ஆனால் எங்கே குத்தினாலும் ஏறக்குறைய அதே பலன். நோயாளியிடம் ஒருவர் நேரம் ஒதுக்கி அமர்வதும், நம்பிக்கையும் சிகிச்சையின் பெரும்பகுதி என்பதை இது காட்டுகிறது.

ஹிஜாமாவைப் பற்றிக் கேட்காத வாசகர் இல்லை. நபிவழியில் இடம்பெற்ற சிகிச்சை என்பதால் நம் இல்லங்களில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. அந்த மதிப்பின் காரணமாகவே அதை இன்னும் கவனமாக அணுக வேண்டும். சவூதி அரேபியாவில் முதுகு வலியுள்ள 80 பேரிடம் செய்த ஆய்வு 2015-இல் வெளியானது. ஹிஜாமா பெற்றவர்களுக்குச் சில வாரங்கள் வலி குறைந்தது. ஆனால் போலிச் சிகிச்சையோடு அது ஒப்பிடப்படவில்லை. நீண்ட காலப் பலனையும் அது கூறவில்லை. எனவே, விரும்புவோர் பயிற்சியோடு சேர்த்துச் செய்துகொள்வதில் குறை காண்பதற்கில்லை. பயிற்சிக்கு மாற்றாகக் கொள்வதற்கு மட்டும் ஆதாரமில்லை.

ஆனால் யாரிடம் செய்துகொள்கிறீர்கள் என்பது முக்கியம். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முறையாகப் படித்த யுனானி மருத்துவர்கள் நம் நகரில் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு, நாலு நாள் வகுப்பில் கற்றுக்கொண்டு வீடு வீடாக வருபவரிடம் முதுகைக் காட்ட வேண்டாம். ஒருவருக்குப் பயன்படுத்திய கத்தியோ கோப்பையோ மற்றவருக்குப் பட்டால் மஞ்சள் காமாலைக் கிருமியும் அதனினும் கொடியவையும் பரவும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்பவர்கள், இரத்தசோகை உள்ளவர்கள், கருவுற்ற பெண்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் ஆகியோர் தம் மருத்துவரைக் கேளாமல் செய்துகொள்ளக் கூடாது.

உண்மையாகவே கூடுதல் பலன் தருபவை

அப்படியானால் புதியவற்றில் நல்லதே இல்லையா? உண்டு. ஆனால் அவற்றுக்கு எந்திரம் வேண்டியதில்லை!

முதலாவது, அச்சத்தைப் போக்குதல். ஆஸ்திரேலியாவில் 492 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. அங்கே இயன்முறை மருத்துவர்கள் நோயாளியை அமரவைத்து அவருடைய வலியின் கதையைக் கேட்டார்கள். எந்த அசைவுக்கு அஞ்சுகிறார் என்று அறிந்தார்கள். குனிந்தால் முதுகு உடைந்துவிடாது என்பதை அவரையே குனியச் செய்து உணர்த்தினார்கள். உறக்கம், வேலை, கவலை ஆகியவற்றையும் பேசினார்கள். 12 வாரங்களில் ஏழு அமர்வுகள் வரை. பின்னர் ஒரு நினைவூட்டல் அமர்வு. ஓராண்டுக்குப் பின்னும் அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே இருந்தார்கள். இதில் இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு பிரிவினருக்கு மட்டும் முதுகில் பொருத்தி அசைவை அளக்கும் நவீனக் கருவியும் கொடுத்தார்கள். கருவி இருந்தவர்களும் இல்லாதவர்களும் சமமாகவே தேறினார்கள். பலன் தந்தது கருவியன்று, மனிதர்!

இரண்டாவது, நடை. வலி குணமானவர்களுக்கு அது மீண்டும் வருவதே பெருந்தொல்லை. அதே ஆஸ்திரேலியாவில் அவ்வாறு குணமான 701 பேரிடம் நடந்த ஆய்வு 2024-இல் வெளியாயிற்று. இயன்முறை மருத்துவரின் வழிகாட்டுதலோடு சிறிது சிறிதாகக் கூட்டி, வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் என்னும் இலக்கை நோக்கி நடந்தவர்களுக்கு வலி திரும்ப வர நடுத்தரமாக 208 நாட்கள் ஆயின. நடைத் திட்டம் இல்லாதவர்களுக்கு 112 நாட்களே. மயிலாப்பூரில் நாகேஸ்வர ராவ் பூங்கா இருக்கிறது. தியாகராய நகரில் நடேசன் பூங்கா இருக்கிறது. அடையாறு வாசிகளுக்கு எலியட்ஸ் கடற்கரை இருக்கிறது. ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் வீடு திரும்பும் வழியைச் சற்று நீட்டிக்கொண்டால் போதும். சகோதரிகள் மாலையில் ஒருவரோடொருவர் துணை சேர்ந்து நடக்கலாம்.

மூன்றாவது, வேலை செய்யும் இடத்தை மாற்றுதல். பதினோரு மணி நேரம் நிற்பவரின் இடுப்புக்கு அரை மணி நேர எந்திரம் என்ன செய்துவிடும்? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ஆம் ஆண்டு ஒரு திருத்தம் செய்யப்பட்டது. கடை ஊழியர்கள் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும். வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமரலாம் என்பது அதன் சாரம். கேரளம் 2018-இலேயே இதைக் கொண்டுவந்திருந்தது. நம் சமூகத்தில் கடை நடத்துவோர் பலர் இப்பக்கத்தைப் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஒரு முக்காலியின் விலை, நல்ல விற்பனையாளர் ஒருவர் ஒரு வாரம் விடுப்பெடுப்பதால் வரும் இழப்பைவிடக் குறைவு.

நாற்காலித் தொழுகை

இயலாதவருக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் குற்றவுணர்வு வேண்டாம். சட்ட விளக்கத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உடலைப் பொறுத்தவரை நான் கூறுவது இதுதான்: அபாய அறிகுறி இல்லாத முதுகு வலியில் குனிவதும் நெற்றி நிலத்தில் படுவதும் முதுகைக் கெடுப்பதில்லை. "ருகூஉ செய்ய வேண்டும், ஸஜ்தா செய்ய வேண்டும்" என்பதையே பயிற்சியின் இலக்காக உங்கள் இயன்முறை மருத்துவரிடம் கூறுங்கள். முதலில் உயரமான தலையணையில் நெற்றி வைத்துப் பழகி, வாரந்தோறும் உயரத்தைக் குறைத்து வாருங்கள். இதைப் பயிற்சி நேரத்தில் செய்யலாம். நாற்காலி ஒரு நிறுத்தம். அதுவே ஊர் அன்று.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் வராமல் நின்றுபோதல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், கால் நாளுக்கு நாள் வலுவிழத்தல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காய்ச்சல், காரணமின்றி உடல் இளைத்தல், இரவில் உறங்கவிடாத வலி, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது ஆகியவை இருந்தால் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். முதுகெலும்பில் காசநோய் நம் நாட்டில் இன்றும் வருகிறது. அதற்கு மருந்து உண்டு. காலம் கடத்துவதுதான் ஆபத்து.

சகோதரிக்கு விடை

பணத்தைக் கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது பயிற்சியோடு சேரும்போது கூடுதலாக என்ன பலன் தரும்? எத்தனை முறைக்குள் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவீர்கள்? வீட்டில் நானே செய்துகொள்ள எதைக் கற்றுத் தருவீர்கள்? நேர்மையான சிகிச்சையாளர் இவற்றுக்கு மகிழ்ந்து விடை கூறுவார். அவருடைய பட்டத்தையும் கேளுங்கள். இயன்முறை மருத்துவர்களையும் உள்ளடக்கி அவர்களின் கல்வியையும் பதிவையும் முறைப்படுத்த 2021-இல் மத்திய அரசு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது.

செலவுக்கு அஞ்சுவோர்க்குக் கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டை விட்டு வர இயலாதவர்களுக்கு இல்லத்திலேயே இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் ஓர் அங்கம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

சகோதரி! மகளின் கட்டணத்தைக் கல்லூரியில் கட்டுங்கள். கணவரை, பாதி வலியைக் குறைத்த அதே இயன்முறை மருத்துவரிடம் மீண்டும் அழைத்துச் செல்லுங்கள். நிறுத்திய பயிற்சியை நாளையே தொடங்கட்டும். முதல் சில நாட்கள் சற்று வலித்தால் அஞ்ச வேண்டாம். அளவைக் குறைக்கலாம், அடியோடு நிறுத்தக் கூடாது. மாலைத் தேநீருக்குப் பதினைந்து நிமிடம் நடை. கடையில் ஒரு முக்காலி. இரவில் நல்ல உறக்கம். ஆறு வாரம் இவ்வாறு செய்து பாருங்கள். அதன் பின்னும் குறையாவிட்டால் மருத்துவரே அடுத்த வழியைக் கூறுவார். முன்னேற்றம் எப்படி என்று மறவாமல் எழுதுங்கள்.

அடுத்த இதழில் வேறொரு கடிதத்தோடு சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.